ஈசல் தூண்டில்

அந்த மாசி மாதத்தில் என் வலது கை தோள் உயரத்தோடு நின்றுவிட்டது. மார்பில் அறுவை சிகிச்சை முடிந்து, மருந்து முடிந்து, கதிர்வீச்சும் முடிந்திருந்தது. நோய் போய்விட்டது என்று நாகர்கோவிலில் என்னைப் பார்த்த டாக்டர் சொன்னார். ஆனால் அக்குளிலிருந்து முழங்கை வரை உள்ளே யாரோ ஒரு கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டது போலிருந்தது. தலையில் புதிதாக முளைத்த முடியை வாருவதற்குக்கூட இடது கைதான். அடுக்களையில் மேல்தட்டிலிருக்கும் கடுகு டப்பாவை ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன். பிசியோதெரபி செய்யும் பெண் சுவரில் விரல்களை நடக்கவிட்டு மேலே ஏற்றச் சொல்லியிருந்தாள். எட்டிய உயரத்தை ஒவ்வொரு நாளும் பென்சிலால் குறித்தேன். பதினெட்டு நாள் குறிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே தடித்த கோடாகிவிட்டன. பத்தொன்பதாம் நாள் பென்சிலைத் தூக்கி எறிந்தேன். அதையும் இடது கையால்தான் எறிந்தேன்.

நான் கணக்கு டீச்சர். பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் வீடு. பள்ளிக்கூடத்துக்கு நீண்ட விடுப்பு போட்டிருந்தேன். சபையிலிருந்து பெண்கள் ஜெபிக்க வருவார்கள். கையை இனி அதிகம் அனக்கக்கூடாது, அசையாமல் வைத்திருந்தால்தான் நல்லது என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். அவர்கள் போன பிறகு நான் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு கிடப்பேன். நாற்பத்தாறு வயதில் என்னை ஒரு அலமாரியில் எடுத்து வைத்துவிட்டார்கள் என்று தோன்றும்.

என் தங்கை நியூசிலாந்தில் நர்ஸ். அவளோடு வேலை பார்க்கிற மார்த்தாண்டத்துப் பெண் ஒருத்தி விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, அவளிடம் ஒரு நீள உருளைப் பெட்டியைக் கொடுத்தனுப்பியிருந்தாள். திறந்து பார்த்தால் நான்கு துண்டாகக் கழற்றி வைத்த மெல்லிய தூண்டில் கம்பு. ஒரு ரீல். அதில் சுற்றியிருந்தது இளம்பச்சை நிறத்தில் ஒரு தடித்த நூல். கூடவே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா ஒன்று. அதற்குள் இறகும் மினுமினுப்பு இழையும் வைத்துக் கட்டிய குட்டிக் குட்டிக் கொக்கிகள்.

என் கணவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் கடப்புறத்துக்காரர். கத்தோலிக்க மீனவக் குடும்பம். கல்லூரி முடிக்கும்வரை அப்பாவோடு கடலுக்குப் போனவர், பிறகு வங்கி வேலை. மீன் விஷயத்தில் அவரிடம் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

"இது தூண்டிலா, கம்மலா?" என்றார்.

அன்று தங்கையிடம் போனில் சண்டை பிடித்தேன். மீன் வேண்டுமென்றால் என் கொழுந்தன்மார் வள்ளத்திலிருந்து நேராகக் கொண்டுவந்து தருவார்கள், எனக்கு எதற்கு இந்தக் கம்பு என்று கேட்டேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். அவளுடைய ஆஸ்பத்திரியில் என்னைப் போன்றவர்களைச் சில வாரங்கள் கழித்து மலையிலுள்ள ஓர் ஆற்றுக்கு அழைத்துப் போவார்களாம். கால் வைத்தால் எலும்பு வரை குளிரும் ஆறு. அதில் ட்ரவுட் என்றொரு மீன். அது புழுவை விட்டுவிட்டு, தண்ணீரின்மேல் விழும் பூச்சியை எழும்பி வந்து தின்னும். அதனால் இறகில் பொய்ப் பூச்சி கட்டி, அது நிஜமாகவே பறந்து வந்து விழுந்தது போல வீச வேண்டும். அந்தப் பூச்சிக்கு எடையே கிடையாது. நூலுக்குத்தான் எடை. கையைத் தூக்கி நூலைப் பின்னால் பறக்கவிட்டு, அது முழுக்க விரியும்வரை காத்திருந்து, முன்னால் விட வேண்டும். அந்த வீச்சு தோளுக்குச் செய்கிற வேலையை வேறு எந்தப் பயிற்சியும் செய்வதில்லையாம்.

"மீனு கிட்டலேன்னாலும் கை கிட்டும் அக்கா. வீசிப் பாத்துட்டு பொறவு ஏசு" என்றாள்.

பிசியோதெரபி பெண்ணிடம் கேட்டேன். அவள் தங்கை அனுப்பிய வீடியோவை இரண்டு முறை பார்த்துவிட்டு, ஒரு தடவைக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் போகக்கூடாது, வீக்கம் வராமலிருக்க இறுக்கமான கையுறையைப் போட்டுக்கொள்ள வேண்டும், அந்தக் கையில் ஒரு முள்கூடக் குத்தக்கூடாது என்றாள். அக்குளில் நெறிகட்டிகளை எடுத்துவிட்டார்கள் அல்லவா, சின்னக் கீறல் பட்டாலும் கை வீங்கிவிடும். அதனால் முதலில் கொக்கியே வேண்டாம் என்று நூல் நுனியில் ஒரு சிவப்புக் கம்பளித் துண்டைக் கட்டினோம்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் வயல். கும்பப்பூ அறுவடை முடிந்து தரை காய்ந்து கிடந்தது. வயல்காரரிடம் கேட்டுக்கொண்டு ஒரு சாயங்காலம் இறங்கினேன். முதல் வீச்சில் நூல் என் கழுத்தைச் சுற்றியது. இரண்டாவதில் என் கணவரின் கண்ணாடியைத் தட்டிவிட்டது. மூன்றாவதில் பின்னாலிருந்த நெல் தாள்கட்டையில் மாட்டிக்கொண்டது. மேய்ந்துகொண்டிருந்த கொக்குகள் நிதானமாக எழும்பி அடுத்த வயலில் போய் இறங்கின. புல்லுக்கட்டோடு வரப்பில் போன பெண் நின்று, என்ன டீச்சர் செய்யுதீங்க என்று கேட்டாள். கொக்கு விரட்டுகிறேன் என்றேன். அவள் நம்பினாள். இரண்டு நாளில் டீச்சருக்கு மருந்து தலைக்கேறிவிட்டது என்று தெருவில் பேச்சு வந்ததாக என் கணவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

வலித்தது. முதல் வாரம் ஒவ்வொரு நாளும் பத்து நிமிஷம் முடியும்போது கண்ணில் தண்ணீர் நிற்கும். ஆனால் சுவரில் விரல் ஏற்றும்போது இல்லாத ஒன்று இதில் இருந்தது. சுவரில் நான் கையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வயலில் நூலைப் பார்க்க வேண்டியிருந்தது. நூல் பின்னால் போய் விரிகிறதா, மடங்குகிறதா என்று கழுத்தைத் திருப்பிப் பார்க்கும்போது கை என்ன செய்கிறது என்பதே மறந்துபோகும். என் அவசரம்தான் என் குற்றம் என்பதைப் பத்து நாளில் கண்டுபிடித்தேன். பின்னால் போன நூல் விரிவதற்கு முன்னால் நான் முன்னால் இழுத்துக்கொண்டிருந்தேன். எனவே மனதுக்குள் 'ஒண்ணு, ரெண்டு' என்று எண்ணிவிட்டு விட்டேன். அன்றைக்குத்தான் முதன்முறையாக இளம்பச்சை நூல் என் தலைக்கு மேலே ஒரு வளையமாகப் போய், முன்னால் அவிழ்ந்து, நேராக நீண்டு, சிவப்புக் கம்பளி கடைசியாக மெதுவாகத் தரையில் இறங்கியது. சத்தமே இல்லை. நான் அப்படியே நின்றேன். வரப்பில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த என் கணவர் தாளை மடித்து வைத்துவிட்டு, இன்னொரு தடவை போடு என்றார்.

பங்குனிக் கடைசியில் ஒரு நாள் பரிசோதனைக்காக நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் போனேன். இடம் கிடைக்கவில்லை. ஒரு வளைவில் டிரைவர் வண்டியை ஒடித்துத் திருப்பியதும் விழாமலிருக்க மேலே கம்பியைப் பிடித்தேன். இரண்டு நிறுத்தம் கழித்துத்தான் அது வலது கை என்று கவனித்தேன். கை நேராக மேலே நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண் ஒருத்தி இறங்கப் போகிறேன், உட்காருங்கள் என்று இடம் காட்டினாள். வேண்டாம் என்றேன். வடசேரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நின்றுகொண்டே போனேன். அவ்வளவு சுகமான பஸ் பயணம் என் வாழ்க்கையில் அதற்கு முன் அமைந்ததில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கை வந்துவிட்டது. ஆனால் எனக்கு மீன் வேண்டுமென்று ஆகிவிட்டது.

என் கணவரின் வங்கிக்கு வந்துபோகும் ஒருவருக்கு மலையடிவாரத்தில் ரப்பர் தோட்டம் இருந்தது. மலையிலிருந்து வரும் ஆறு, காட்டு இலாகா எல்லையைத் தாண்டிய பிறகு அந்தத் தோட்டத்தின் ஓரமாக இறங்குகிறது. பெரும் பெரும் உருண்டைப் பாறைகள், அவற்றுக்கிடையே பச்சையான ஆழங்கள். சித்திரை வெயிலிலும் அந்தத் தண்ணீரில் முழங்கால் வரை நின்றால் கால் மரத்துப்போகும். தோட்டக்காரர் தாராளமாக வந்து போகச் சொன்னார். ஆனால் புழு போட்டாலே மீன் கடிக்காத ஆறு இது, நீங்கள் கோழி இறகை வைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்களே என்றும் சொன்னார்.

சனிக்கிழமை தோறும் போனோம். கொக்கிகளின் எதிர்முள்ளை என் கணவர் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கியிருந்தார். முடிச்சுப் போடுவதும் அவர்தான். என் கையில் எதுவும் குத்தக்கூடாதே. முதல் சனிக்கிழமை தங்கை அனுப்பிய பூச்சிகளில் ஐந்தை மரக்கிளைகளுக்குக் கொடுத்தேன். இரண்டாவது சனிக்கிழமை நான் பத்து நிமிஷத்துக்கொரு முறை கையை ஆறவிட்டு இரண்டு மணிநேரம் வீசிக்கொண்டிருந்தபோது, இவர் பொழுது போகாமல் ஒரு கம்பில் தங்கூசி என்கிற நைலான் நரம்பைக் கட்டி, மண்புழுவைக் கோத்துக் கீழே ஆழமாகக் கிடந்த கசத்தில் போட்டார். கொஞ்ச நேரத்தில் மூன்று மீன். விரல் நீளம்தான் இருக்கும். ஈர்க்கில் கோத்து எனக்குக் காட்டினார்.

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் பேசவில்லை. அந்த மீன்களைப் பொரித்து வைத்தார். நான் ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன். எதற்கு இவ்வளவு கோபம் என்று அவருக்குப் புரியவில்லை. எனக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னேன்: ஒரு வருஷமாக எனக்காக எல்லாவற்றையும் நீங்கள்தான் செய்கிறீர்கள், டப்பா எடுப்பதிலிருந்து கொக்கி போடுவதுவரை, அதற்கெல்லாம் உங்களைக் கும்பிட வேண்டும். ஆனால் இந்த ஒன்றை எனக்கு விட்டுவிடுங்கள்.

மறுநாள் ஆராதனை முடிந்து நான் வந்தபோது மேசையில் அவருடைய ஷேவிங் டப்பா, தையல் நூல்கண்டுகள், பக்கத்து வீட்டுச் சேவலின் கழுத்து இறகுகள் எல்லாம் பரப்பிக் கிடந்தன. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு பூச்சியைப் பிரித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். சின்ன வயதில் கிழிந்த வலை பொத்திய விரல்கள். இரண்டு வாரத்தில் தங்கை அனுப்பியதைவிட இறுக்கமாகக் கட்டத் தொடங்கிவிட்டார். அவற்றையும் மீன் சீந்தவில்லை. மூன்றாவது, நான்காவது சனிக்கிழமைகளும் போயின.

வைகாசி நடுவில் இரண்டு நாள் மழை அடித்துப் பெய்தது. மூன்றாம் நாள் சனிக்கிழமை. ஆறு கலங்கியிருக்கும், போக வேண்டாம் என்று இவர் சொன்னார். போய்ப் பார்த்துவிட்டாவது வருவோம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை எட்டு மணி இருக்கும். வானம் மூடிக்கிடந்தது. தண்ணீர் கொஞ்சம் ஏறியிருந்தாலும் தெளிந்துவிட்டிருந்தது. கால் வைத்ததும் மூச்சு நின்றுவிடுவது போன்ற குளிர். அப்போதுதான் ரப்பர் மரங்களுக்கு அடியில் ஈரமண்ணிலிருந்து ஈசல் கிளம்புவதைப் பார்த்தேன். புகை எழும்புவது போல வந்துகொண்டே இருந்தது. ஆற்றின்மேல் பறந்தவற்றில் பாதி தண்ணீரில் விழுந்து சிறகடித்தன.

எதிர்க்கரையில் ஒரு பெரிய பாறை. அதன் நிழலில் 'ப்ளக்' என்று ஒரு சத்தம். ஒரு வளையம் விரிந்தது. விழுந்து கிடந்த ஈசல் ஒன்று காணாமல் போனது. கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் இன்னொரு தடவை. இந்த முறை ஒரு முதுகைப் பார்த்தேன். பழைய வெண்கலத்தின் நிறம்.

இவர் என் கையைத் தொட்டு, கொஞ்சம் நில்லு என்றார். பாறையில் உட்கார்ந்து, ஒரு ஈசலைப் பிடித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு பையைத் திறந்து கொக்கியைக் குறட்டில் கவ்வ வைத்து, குறட்டைத் தொடைகளுக்கிடையே இடுக்கிக்கொண்டு, காப்பிப்பொடி நிற நூலால் உடம்பைச் சுற்றினார். வெள்ளைக் கோழி இறகில் இரண்டு கீற்றை வெட்டிப் பின்பக்கமாகச் சாய்த்துச் சிறகு வைத்துக் கட்டினார். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. எனக்கு அது ஐந்து மணிநேரமாக இருந்தது. அந்த மீன் இதற்குள் வயிறு நிறைந்து போய்விடுமே என்று தவித்தேன். நூல் நுனியிலிருந்த நரம்பில் முடிச்சிட்டு, எச்சில் தொட்டு இறுக்கி, பூச்சியை என்னிடம் விட்டார்.

எங்களுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குப் புதர். அதற்கு மேலே நூலைப் பின்னுக்கு அனுப்ப வேண்டுமென்றால் கையை முழுக்க மேலே தூக்க வேண்டும், கொஞ்சமும் குறையக்கூடாது. முதல் வீச்சு பாறைக்கு இரண்டடி முன்பாகவே விழுந்து, ஒழுக்கில் போய்விட்டது. நூலை நிதானமாக எடுத்தேன். ரீலிலிருந்து இன்னும் கொஞ்சம் நூலை இழுத்துவிட்டேன். கையை உயர்த்தினேன். தோள் காதைத் தொட்டது. ஒண்ணு, ரெண்டு. முன்னால் விட்டேன். நூல் ஆற்றின் குறுக்கே அவிழ்ந்துகொண்டே போனது. வெள்ளைச் சிறகு மட்டும் தனியாகப் பாறை நிழலில் இறங்கி, அங்கே மிதந்துகொண்டிருந்த நிஜ ஈசல்களுக்கு நடுவே உட்கார்ந்தது. எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை.

மீனுக்குத் தெரியவில்லை என்பதுதான் முக்கியம். தண்ணீர் பிளந்தது. கம்பு என் கையிலேயே வில்லாக வளைந்தது. ரீல் கிறீச்சிட்டு ஓடியது.

மீன் கீழ்நோக்கிப் பாய்ந்தது. நான் கல்லுக்குக் கல் தட்டுத் தடுமாறிப் பின்னாலேயே போனேன். கம்பை உயர்த்திப் பிடித்திருக்க வேண்டும் என்று தங்கை சொல்லியிருந்தாள். பிடித்திருந்தேன். உள்ளே இழுத்துக் கட்டியிருந்த கயிறு எரிந்தது. இவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி என் பக்கத்தில் வந்துவிட்டார்.

"ஏட்டி, இங்க தா. கை போயிரும். நான் பிடிக்கேன்."

"நீங்க தொடாண்டாம்."

"ஒரு நிமிசம் தா, ஆசுவாசம் எடுத்துட்டு வாங்கிக்கோ."

"தொடாண்டாம்னு சொன்னேன்."

அவர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு பின்வாங்கினார். கடலில் வளர்ந்த மனிதர், மீனின் பாய்ச்சலைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. மீன் ஓடும்போது விட்டேன், நின்றபோது சுற்றினேன். மூன்று முறை பாறைக்குள் போகப் பார்த்தது. மூன்று முறையும் கம்பைச் சாய்த்து வெளியே கொண்டுவந்தேன். எவ்வளவு நேரமென்று தெரியாது. கடைசியில் அது பக்கவாட்டில் சாய்ந்து, கரையோரம் ஆழமில்லாத தண்ணீருக்குள் வந்தது. அப்போதுதான் அவரிடம், இனி நீங்கள் தாங்கிப் பிடிக்கலாம் என்றேன்.

கெண்டை இனம். என் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை நீளம். ஒவ்வொரு செதிலும் பழைய எட்டணா அகலம், ஓரத்தில் பொன் கோடு. வாயின் ஓரத்தில் அவர் கட்டிய ஈசல் கசங்கிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. இவர் இரண்டு உள்ளங்கையிலும் அதைத் தண்ணீருக்குள்ளேயே தாங்கியபடி தலையிலிருந்து வால் வரை பார்த்தார்.

"கொள்ளாம்" என்றார். "இது மீனாக்கும்."

அவர் வாயிலிருந்து ஆற்றுமீனுக்கு அப்படியொரு சொல் வந்து நான் கேட்டதில்லை. பிறகு கட்டைவிரலால் வயிற்றை மெல்லத் தடவிப் பார்த்துவிட்டு, சினை மீனு, விட்டிருவோமா என்று என்னிடம் கேட்டார். முடிவு என்னுடையது என்று காத்திருந்தார். நான் கையுறை போட்ட கையால் கொக்கியைத் திருகினேன். எதிர்முள் இல்லாததால் வழுக்கிக்கொண்டு வந்தது. அவர் கைகளுக்குள் என் கையையும் வைத்தேன். அந்தக் குளிர்ந்த, கனத்த உடம்பு ஒரு முறை விரிந்து சுருங்கியது. வாலால் எங்கள் இருவர் முகத்திலும் தண்ணீரை அடித்துவிட்டுப் போனது.

நான் ஆற்றுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். கழுத்து வரை தண்ணீர். சிரித்தேனா அழுதேனா என்று இவரிடம் கேட்டால் இரண்டும்தான் என்கிறார். வலது கையை மேலே தூக்கிப் பார்த்தேன். சும்மாதான், யாருக்கும் காட்டுவதற்கில்லை. வானத்தில் மிச்சமிருந்த ஈசல்கள் அந்தக் கையைச் சுற்றிப் பறந்தன.

போட்டோ கிடையாது. போன் காரில் இருந்தது. அதனால் அந்த மீன் இவருடைய வாயில்தான் வாழ்கிறது. மறுநாள் கடப்புறத்தில் அவர் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். வள்ளக்காரர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் இவர் ஒரு கெண்டையைப் பற்றி முக்கால் மணிநேரம் பேசினார். அண்ணன், கடலில் ஆள் கனத்துக்குச் சூரை மீனைப் பார்த்தவர், அவ்வளவையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, எந்தக் கையால பிடிச்சே என்று மட்டும் கேட்டார். வலது கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் எழுந்து போய் மனைவியிடம் எனக்கு இன்னொரு துண்டு மீன் வைக்கச் சொன்னார். தங்கையிடம் சொன்னபோது அவள் போனின் அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அவளுடைய ஆற்றில் ஐந்து வருஷமாகப் போயும் அவளுக்கு அவ்வளவு பெரிய ட்ரவுட் கிடைத்ததில்லை என்றாள். அது உண்மையா என்று நான் விசாரிக்கவில்லை.

அடுத்த பரிசோதனையில் பிசியோதெரபி பெண் என் கையை அளந்துவிட்டு, அளவுகோலைத் திருப்பி மறுபடி அளந்தாள். என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். வெளியே பெஞ்சில் காத்திருந்த ஒரு பெண்ணை உள்ளே கூப்பிட்டு, இவங்களுக்கும் சொல்லுங்கள் என்றாள். அந்தப் பெண் இரணியலிலிருந்து ரயிலில் வந்திருந்தாள். முந்திரி ஆபீஸில் கொட்டை உடைக்கிற வேலை. இடது கைக்காரி, இடது பக்கம்தான் அறுவை சிகிச்சை. கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதையெல்லாம் தலையசைத்துக் கேட்டாள். ஒரு வார்த்தைகூட நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

ஆனாலும் சனிக்கிழமை வந்துவிட்டாள். கன்னிப்பூவுக்கு வயலில் நடவு முடிந்திருந்தது. எனவே பள்ளிக்கூட மைதானத்தில் வைத்துக் கம்பைக் கொடுத்தேன். தூரத்தில் ஒரு அலுமினியப் பேசினை வைத்து, அதுதான் மீன், அதற்குள் கம்பளி விழ வேண்டும், எனக்கு அதற்கு மூன்று வாரம் ஆயிற்று, அவசரப்பட வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் இடது கையை மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு, போகிற உயரம் வரைக்கும் தூக்கினாள். நூல் பின்னால் போனது. எண்ணிக்கை எதுவும் நான் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை ஒரே தாளத்தில் தட்டிப் பழகிய கை அது. நூல் பின்னால் முழுக்க விரிந்து நிற்கும்வரை தானாகவே காத்திருந்தது. ஏழாவது வீச்சில் சிவப்புக் கம்பளி பேசினுக்குள் விழுந்தது.

"டீச்சரே, ஆறு எங்க கிடக்கு?" என்று கேட்டாள்.